தரச்சான்று இல்லாத 1952 மேண்டில் அட்டையை வாங்கலாமா?

வணக்கம். நியூ ஜெர்சி கண்காட்சியில் பேஸ்பால் வீரர் மிக்கி மேண்டிலின் படத்துடன் டாப்ஸ் நிறுவனம் 1952இல் வெளியிட்ட, தரச்சான்று இல்லாத சேகரிப்பு அட்டையைப் பார்த்ததாகவும், 2022இல் அதே ரக அட்டை ஒன்று 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனதைக் காட்டி விற்பவர் விலை பேசியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒப்பீட்டுக்கு மயங்காதீர்கள். ஏலம் போனது பத்துக்கு 9.5 தர மதிப்பெண் பெற்றது. நீங்கள் பார்த்ததோ நடுவில் மடிப்பு விழுந்தது. இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான தூரம்.

மிக அரிது என்று உங்கள் நண்பர் வாதிடுவதும் பாதிதான் சரி. விற்காமல் தேங்கிய 1952 பெட்டிகளை 1960இல் கடலில் கொட்டியதாக டாப்ஸில் பணியாற்றிய சை பெர்கர் கூறியிருக்கிறார். ஆனால் மேண்டில் படம் ஒரே அச்சுத் தாளில் இரண்டு இடங்களில் இருந்தது. அதனால் அந்த ஆண்டின் கடைசித் தொகுதியில் உடன் வந்த பெரும்பாலான வீரர்களைவிட அவர் அட்டை அதிகமாகவே அச்சானது. விலையை ஏற்றுவது மேண்டில் மீதுள்ள மோகம்தான்.

மறுபடி போகும்போது அளவுகோல் கொண்டுபோங்கள். அசல் 2⅝ அங்குல அகலம், 3¾ அங்குல உயரம். 1983 மறுபதிப்பு 2½க்கு 3½தான். அசல் அட்டையே ஆனாலும் அளவு இம்மி குறைந்தால் சந்தேகப்படுங்கள். மழுங்கிய முனைகளைக் கூராக்க ஓரத்தைச் சீவிவிடுவது பழைய தந்திரம். பூதக்கண்ணாடியில் கறுப்பு எழுத்துகளையும் பாருங்கள். அசலில் மை ஒரே சீராகப் படிந்திருக்கும், நகலில் பெரும்பாலும் புள்ளி புள்ளியாகச் சிதறும்.

அட்டைகளைச் சோதித்துத் தரச்சான்று தரும் நிறுவனங்களான பிஎஸ்ஏ அல்லது எஸ்ஜிசியின் சான்று வந்த பிறகே பணம் என்று கறாராகச் சொல்லுங்கள். மறுத்தால் வாங்காதீர்கள்.