பத்மினி டயர்: பட்டனைப் பார்க்காதீர்கள், வயதைப் பாருங்கள்

கேள்வி: அப்பாவின் பிரீமியர் பத்மினிக்கு 2023-ல் ஐந்து நைலான் டயர் வாங்கினோம். 800 கிலோமீட்டர்கூட ஓடவில்லை. அப்பா காலமான பிறகு வண்டியைச் சித்தப்பா எடுத்துக்கொண்டு, இந்தப் பழைய வகை நைலானைக் கழற்றிவிட்டு ரேடியல் என்ற புது வகை டயர் போட்டுவிட்டார். டயர்கள் மொட்டை மாடியில் கிடக்கின்றன. யாரிடம் விற்பது, என்ன விலை சொல்வது?
- வாசகர், காரைக்குடி

பதில்: முதல் வேலையாக டயர்களைக் கீழே இறக்குங்கள். காரைக்குடி வெயில் ரப்பரைத் தின்றுவிடும். நிழலான அறையில் நிற்க வையுங்கள். தண்ணீர் மோட்டார் ஓடும் இடம் மட்டும் வேண்டாம், அதிலிருந்து வரும் ஓசோன் வாயுவாலும் ரப்பரில் வெடிப்பு விழும்.

அடுத்து, டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2322 என்றால் 2022-ஆம் வருடம் 23-ஆவது வாரத்தில் செய்தது. ஒரு பக்கம் இல்லையென்றால் திருப்பிப் பாருங்கள். நீங்கள் வாங்கிய வருடம் 2023 என்றாலும் டயரின் வயது இந்த எண்ணிலிருந்துதான் தொடங்குகிறது. மூன்றே இலக்கம் இருந்தால் 2000-க்கு முந்தைய சரக்கு, தொடவே வேண்டாம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பல வருடங்களுக்கு முன் ஒரு கல்யாண அம்பாசடருக்கு நான்கு டயர் வாங்கிப் போட்டேன். பட்டன், அதாவது தரையில் படும் ரப்பர் கட்டை, முழுசாக இருந்தது; புது டயரில் நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் முடிகூட உதிரவில்லை. விற்றவர் வயதைச் சொல்லவில்லை, நானும் எண்ணைப் பார்க்கவில்லை. திண்டிவனம் தாண்டியதும் பின் டயர் பக்கவாட்டில் கிழிந்தது. உள்ளே பெண் வீட்டார் ஆறு பேர். யாருக்கும் அடி இல்லை. அந்த டயரை மடக்கிப் பார்த்தபோது சைடில் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. இன்றைக்கும் யார் டயர் கொண்டுவந்தாலும் முழங்காலால் அழுத்தி அந்த இடத்தைத்தான் முதலில் பார்க்கிறேன்.

அதனால் கறுப்பு பாலீஷ் போடாதீர்கள். வெறும் தண்ணீரில் கழுவி, அந்த எண்ணையும் சைடையும் பளிச்சென்று படம் எடுத்து, வாங்கக் கேட்பவருக்கு அனுப்புங்கள். ஐந்தையும் ஒன்றாகவே கொடுங்கள். பிரித்தால் கடைசி இரண்டு உங்களிடமே தங்கிவிடும். பழைய டியூப் வேண்டாம், அது விரிந்து போயிருக்கும். வாங்குபவர் புதுசு போட்டுக்கொள்ளட்டும்.

உங்கள் அளவு 5.20-14. பத்மினிக்காரர்கள் மட்டுமல்ல, பிற்கால மாரிஸ் மைனர் வைத்திருப்பவர்களுக்கும் இதே அளவுதான். அம்பாசடருக்கு 5.90-15 என்பதால் அவர்களிடம் அலைய வேண்டாம். விலை என் கணக்கில், வெடிப்பு இல்லாமல் நான்கு வயதுக்குள் இருந்தால் இன்றைய புது விலையில் பாதி கேட்கலாம்.

வாங்குபவரிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: ஒரே அச்சில் ஒரு பக்கம் ரேடியல், ஒரு பக்கம் நைலான் கூடாது. சித்தப்பா நான்கு சக்கரத்துக்கும் ரேடியல் போட்டாரா, ஸ்டெப்னியில் பழைய நைலானே கிடக்கிறதா என்றும் கேளுங்கள்.

எங்காவது வெடிப்பு தெரிந்தால் விற்காதீர்கள். கண்காட்சியில் நிறுத்தும் வண்டிக்குக் கேட்டால் சும்மா கொடுங்கள், 'ஓட்டக் கூடாது' என்று வெள்ளை பெயின்ட்டில் சைடிலேயே எழுதி.