சொதி பட்ட பட்டு ரை: முதலில் சவர்க்காரத்தைத் தூர வையுங்கள்

யாழ்ப்பாணம் கொக்குவிலில் இருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய அண்ணா ரொறன்ரோவில் இருந்து தன் மருமகனுக்கு, அதாவது வாசகியின் மகனுக்கு அனுப்பிய சாம்பல் நிறப் பட்டு ரையில் (கழுத்துப் பட்டியில்), கலியாண வீட்டுச் சாப்பாட்டில் சொதி சிந்திவிட்டது. வீட்டுக்கு வந்து சவர்க்காரம் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். மஞ்சளாக இருந்த கறை சிவப்பாகிவிட்டது. டவுனில் ஒரு கடைக்காரர், கொழும்புக்கு அனுப்பி ட்றை கிளீன் பண்ணித் தருகிறேன் என்கிறாராம். “வீட்டிலேயே தோய்த்து அயன் பண்ண முடியாதா? அடுத்த மாதம் மகனுக்கு நேர்முகத் தேர்வு” என்று கேட்கிறார்.

தோய்க்க முடியாது, தங்கச்சி. கறையைக் குறைக்கலாம், சுருக்கத்தை எடுக்கலாம். முழு ரையையும் தண்ணீரில் முக்குவது மட்டும் வேண்டாம்.

காரணம் ரையின் வயிற்றுக்குள் இருக்கிறது. வெளியில் தெரிகிற பட்டு நேராக வெட்டியதல்ல, 45 பாகை சரிவில் குறுக்காக வெட்டியது. அதனால்தான் கட்டும்போது இழுபட்டு, அவிழ்த்ததும் பழைய நிலைக்கு வருகிறது. உள்ளே கம்பளியோ கலப்பு நூலோ கொண்ட தடித்த துணி ஒன்று இருக்கும். முதுகுப் பக்கத்தில் ஒரே நீள நூலால் தளர்வாகத் தைத்திருப்பார்கள். தண்ணீரில் போட்டால் உள்துணி ஒரு அளவுக்குச் சுருங்கும், பட்டு இன்னொரு அளவுக்குச் சுருங்கும். காய்ந்து வரும்போது ரை ஒடியல் (காயவைத்த பனங்கிழங்கு) மாதிரி முறுக்கிக்கொண்டு நிற்கும். அதற்குப் பிறகு எந்த அயனாலும் அதை நிமிர்த்த முடியாது.

இனிச் சிவப்பு. பயப்பட வேண்டாம், அது புதுக் கறை இல்லை. மஞ்சளில் இருக்கிற சாயம் சவர்க்காரம் போன்ற காரப் பொருள் பட்டால் சிவக்கும், புளிப்புப் பட்டால் திரும்ப மஞ்சளாகும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து சிவப்பாக்குவது இதே வேலைதான். காரம் பட்டுக்கும் ஆகாது. பட்டு ஒரு புரத நூல், நம்முடைய தலைமயிர் போல. சவர்க்காரத்தூள் அதன் மினுக்கத்தைத் தின்னும். குளோரின் உள்ள வெளுப்பான்கள் நூலையே கரைத்துவிடும்.

முதலில் எண்ணெய்யைக் கவனியுங்கள். சொதியில் தேங்காய்ப்பால் இருக்கிறது, ஆகவே மஞ்சளுக்கு அடியில் கொழுப்பும் இருக்கும். ரை நன்றாகக் காய்ந்த பிறகு கறையின் மேல் கோன் பிளவரோ (சோள மா) வாசனை குறைந்த ரல்கம் பௌடரோ தடிப்பாகத் தூவி, இரவு முழுக்க விடுங்கள். காலையில் மென்மையான பிரஷால் தட்டி எடுங்கள். எண்ணெய்ப் பசை தெரிந்தால் திரும்பவும் தூவலாம். மாவைத் துணியில் மிச்சம் விடாதீர்கள், பூச்சி வரும்.

அப்புறம் வினாகிரி. வெள்ளை வினாகிரி ஒரு தேக்கரண்டி, தண்ணீர் கால் கப். முதலில் ரையின் சின்ன வாலின் உட்பக்கத்தில் ஒரு துளி வைத்து, வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். துணியில் சாம்பல் நிறம் ஏறினால் அதோடு நிறுத்திவிடுங்கள். ஏறாவிட்டால், பழைய வேட்டித் துண்டை நனைத்து, நன்றாகப் பிழிந்து, கறையின் வெளி ஓரத்தில் இருந்து நடுவை நோக்கி ஒற்றுங்கள். தேய்க்கக் கூடாது. தேய்த்தால் பட்டின் மேல் நூல் பிய்ந்து, நரைத்த மாதிரி ஒரு திட்டு விழும். கறையை எடுத்துவிடலாம், அந்தத் திட்டை எடுக்க வழியே இல்லை.

இதில் எந்தத் தண்ணீர் என்பது பெரிய விஷயம். யாழ்ப்பாணம் சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிற ஊர். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நம் கிணற்றுத் தண்ணீரைப் பட்டில் வைத்தால், காய்ந்ததும் வெள்ளை வளையம் விடும். சவர்க்காரமும் சேர்ந்துவிட்டால் பிசுபிசுப்பு வேறு. கராச்களில் பற்றறிக்கு ஊற்ற விற்கிற வடிதண்ணீர் ஒரு போத்தல் வாங்குங்கள், அல்லது சுத்தமாகப் பிடித்த மழைத்தண்ணீரைப் பாவியுங்கள். பற்றறிக் கடையில் அமிலமும் விற்பார்கள். போத்தலில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துவிட்டு வாங்குங்கள்.

சிவப்பு மஞ்சளாகத் திரும்பும். மஞ்சள் முழுதாகப் போகும் என்று நான் வாக்குத் தர மாட்டேன், ஏனென்றால் மஞ்சள் கறை மட்டுமல்ல, பட்டுக்குச் சாயமாகவே பாவித்த பொருள். வெயிலில் அது மங்கும். கறை மட்டும் வெளியே தெரியும்படி மற்ற இடத்தைத் தடித்த தாளால் மூடி, காலை வெயிலில் கொஞ்ச நேரம் வைத்துப் பாருங்கள். மத்தியான வெயில் வேண்டாம், ரையின் நிறமும் சேர்ந்து போகும்.

யாராவது பெற்றோல் போட்டுத் துடைக்கச் சொன்னால் கேட்காதீர்கள். எங்கள் ஊரில் இந்த ஆலோசனை இன்னும் உயிரோடு இருக்கிறது. குசினிக்குப் பக்கத்தில் பெற்றோலில் துணி நனைக்கிறவருக்கு ரை போவது சின்ன நட்டம்தான். யுத்த காலத்துப் பொருளாதாரத் தடையில் சவர்க்காரம் கிடைக்காமல் பனம்பழத்தில் உடுப்புத் தோய்த்தவர்கள் நாங்கள், அந்தக் கெட்டித்தனம் எல்லாம் பருத்திக்குச் சரி.

இப்போது அந்தக் கடைக்காரர். “ட்றை கிளீனிங்” என்று பலகை எழுதக் காசு அதிகம் தேவையில்லை, மெஷின் வாங்கத்தான் தேவை. நகரத்தில் உடுப்பை வாங்கி வைக்கிற கடைகள் பல வெறும் சேகரிப்பு இடங்கள். வாங்குகிறவர் ஒருவர், பஸ்ஸில் ஏற்றுகிறவர் இன்னொருவர், கொழும்பில் எடுக்கிறவர் வேறொருவர். ரை பாழாகி வந்தால் மூன்று பேரும் மற்ற இருவரைக் கை காட்டுவார்கள். சில இடங்களில் கொழும்புக்கே போகாது. பின்னறையில் தண்ணீரில் அலசி, வேட்டிக்கு வைக்கிற சூட்டில் தட்டையாக அழுத்தி, சவர்க்காரத்தூள் வாசம் அடிக்கிற பொலித்தீன் பையில் போட்டுத் தருவார்கள். ஓரம் கத்தி மாதிரி கூராக, முதுகுத் தையலின் தடம் முன்பக்கம் பளபளத்துத் தெரிந்தால், நடந்தது அதுதான். ஒரு நாளில் தருகிறோம் என்று “எக்ஸ்பிரஸ்” காசு கேட்டால் நன்றாகச் சந்தேகப்படுங்கள்.

கொடுக்கத்தான் வேண்டும் என்றால் முதலில் மெஷின் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். ரையைப் போனில் படம் எடுங்கள். பற்றுச்சீட்டில் “பட்டு, மஞ்சள் கறை, தட்டையாக அழுத்தக் கூடாது” என்று எழுத வையுங்கள். அதன் பின்பக்கத்தில் “சேதத்துக்குப் பொறுப்பல்ல” என்று சின்ன எழுத்தில் அச்சடித்திருப்பார்கள், அதைப் பார்த்து ஒடுங்க வேண்டாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் இருக்கிறது, முறைப்பாட்டுக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கமும் இருக்கிறது. ஆனால் ஒரு ரைக்காக லீவு போட்டு, கடிதம் எழுதி, திகதி வாங்கி, யார் அலைவார்? அது அந்தக் கடைக்காரருக்கும் தெரியும். உண்மையான ட்றை கிளீனிங் எண்ணெய்யை நன்றாக எடுக்கும், மஞ்சளை அவ்வளவாக எடுக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்று. வெளிநாட்டில் இருந்து வந்ததெல்லாம் பட்டு இல்லை. முதுகுத் தையலுக்குள் தொங்குகிற துணி நூல் ஒன்றைக் கிள்ளிக் கொளுத்திப் பாருங்கள். மயிர் கருகிய மணத்தோடு நொறுங்கும் சாம்பலானால் பட்டு. உருகிக் கட்டியானால் பொலியெஸ்டர். தையல் நூலைக் கிள்ளிவிடாதீர்கள், அது போனால் ரையே அவிழும்.

சுருக்கம் எடுப்பது சுலபம். கேத்தலைக் கொதிக்க வைத்து, ஆவிக்கு ஒரு சாண் மேலே ரையைச் சில விநாடிகள் பிடியுங்கள். ஈரம் சொட்டக் கூடாது. கையால் மெல்ல நீவி, தொங்கவிடுங்கள். அநேகமான சுருக்கம் இதிலேயே போய்விடும். அதற்கும் போகாவிட்டால், ரையை விட ஒரு சென்ரிமீற்றர் ஒடுக்கமாக ஒரு மட்டை வெட்டி உள்ளே செருகுங்கள், தையல் தடம் முன்னால் வராது. மேலே ஈரப் பருத்தித் துணி போட்டு, அயனை ஆகக் குறைந்த சூட்டில் வையுங்கள். சலவைக் குறியீட்டில் ஒரு புள்ளி என்றால் அதிகபட்சம் 110 பாகை செல்சியஸ். அயனை வைத்து எடுங்கள், இழுக்காதீர்கள். ஓரங்களைத் தொடவே வேண்டாம், ரையின் உருண்ட ஓரம்தான் அதன் அழகு. ஸ்ரீம் அயனுக்குள் கிணற்றுத் தண்ணீர் ஊற்றியிருந்தால் பக்கத்திலும் கொண்டுவராதீர்கள், கல் கரைந்த வெள்ளைத் துளிகளைத் துப்பும்.

இதற்கெல்லாம் ஒரு விதிவிலக்கு உண்டு, அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். மலாயாவில் ரெயில்வேயிலோ கந்தோரிலோ வேலை பார்த்துப் பென்சனோடு வந்த அப்புமாரின் ரைகள் பல வீட்டுப் பெட்டகங்களில் கிடக்கின்றன. அந்தக் காலத்துப் பட்டில் சில, பாரம் கூட்டுவதற்காகத் தகர உப்பு ஏற்றியவை. விற்கிறவருக்கு நிறை, வாங்குகிறவருக்குப் பின்னாளில் நட்டம் (இடையில் நிற்பவர்கள் அன்றும் இப்படித்தான்). வருடங்கள் போக அந்த உப்பு நூலை வெடிக்க வைக்கும், மடிப்பு வழியே தானாகக் கிழியும். அப்படியான ரைக்கு ஆவி, வினாகிரி, அயன் ஒன்றும் வேண்டாம். நப்தலீன் உருண்டை நேரடியாகப் படாமல், வெள்ளைப் பருத்தித் துணியில் தளர்வாகச் சுருட்டி வையுங்கள். மாரி மாதங்களில் எடுத்துப் பூஞ்சணம் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். பேரன் கலியாணத்துக்குக் கட்டுவேன் என்று நின்றால் விடாதீர்கள், முடிச்சுப் போடும்போதே கையோடு வந்துவிடும்.

உங்கள் மகனின் ரை அப்படிப்பட்டதல்ல. இந்தக் கிழமை மாவும் வினாகிரியும் செய்து பாருங்கள். கறை நெஞ்சுக்குக் கீழே என்றால் கோட் பொத்தானுக்குள் மறைந்துவிடும். மேலே என்றால் நேர்முகத் தேர்வுக்கு ஒரு சாதாரணப் பொலியெஸ்டர் ரை வாங்கிக் கொடுங்கள், கேள்வி கேட்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது.