லாரி சேஸிஸில், அதாவது அடிச்சட்டத்தில், வெல்டிங் மோசமாக இருக்கிறது. அதன் மேலேயே இன்னொரு வரிசை வைத்தால் போதுமா?

போதாது. கேட்கும் விதத்திலேயே தெரிகிறது, பட்டறைக்கு முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டீர்கள். பட்டறைக்காரர் இப்போது "மேலே ஒரு வரிசை ஓட்டித் தருகிறேன்" என்கிறார். ஓட்டவிடாதீர்கள். அடியில் பிடிக்காத வெல்டிங்கின் மேல் எத்தனை வரிசை வைத்தாலும் அது பூச்சுதான்.

எங்களுடையது அப்பா ஓட்டிய டாடா மெர்சிடிஸ் பென்ஸ் லாரி. 1969-இல் அந்த இரு நிறுவனங்களின் கூட்டு முடிவதற்கு முந்தைய வண்டி, முகப்பில் பென்ஸ் சின்னமான நட்சத்திரம் உள்ளது. சேஸிஸின் நீளத்தைக் குறைத்துத் தரச் சொல்லிப் பெயர்பெற்ற ஒரு பட்டறையில் விட்டேன். வண்டியின் அமைப்பை இஷ்டப்படி மாற்றக் கூடாது என்னும் மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 52 தெரியாதா என்று யாரும் கிளம்ப வேண்டாம்; வண்டி எங்கள் தோப்பைத் தாண்டுவதில்லை. வேலை முடிந்து வந்தபோது கறுப்புப் பெயிண்டில் முகம் பார்க்கலாம். தேங்காய் ஏற்றத் தொடங்கிய பிறகு, இணைத்த இடத்தில், சேஸிஸின் கீழ் மடிப்பில் (அடிப்பக்கம் மடித்த விளிம்பில்) பெயிண்டைப் பிளந்துகொண்டு துருநிறத்தில் ஒரு கோடு கசிந்தது. கிரைண்டர் வைத்ததும் முதலில் உதிர்ந்தது, பள்ளத்தை மறைக்கும் புட்டிப் பூச்சு. அதற்கடியில், மேலே பூசிய மருந்துகூட உதிராத ஒரு வெல்டிங் ராடுத் துண்டு! இடைவெளி அகலமாகிவிட்டதால் ராடைத் திணித்து மேலே மூடியிருக்கிறார்கள்.

திருச்சியில் பாய்லர் வெல்டராக இருந்து ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவரை அழைத்துவந்தேன். "முதலில் டேப்பைக் கொடுங்கள் தம்பி" என்றார். சேஸிஸ் கோணாமல் இருக்க, அதன் இரண்டு மூலைவிட்டங்களும் ஒரே அளவில் வரும்வரை அவர் ராடைத் தொடவில்லை. பழைய வெல்டிங்கைப் பளிச்சென்று இரும்பு தெரியும்வரை வெட்டியெடுத்து, விளிம்புகளை வி வடிவில் சாய்த்தார். ராடு 7018, ஹைட்ரஜன் குறைந்த வகை; ராடை உலர்த்தும் அடுப்பிலிருந்து சூடாக எடுத்ததுதான். ஈரம் ஏறினால் அதிலிருந்து ஹைட்ரஜன் உள்ளே போய்ப் பிறகு விரிசல் விடும். ஒவ்வொரு வரிசைக்கும் கசடைத் தட்டிக் கம்பி பிரஷால் தேய்த்தார். மேல், கீழ் மடிப்புகளில் குறுக்கே வெல்டிங் கூடாது என்று சிலர் சொல்வீர்கள். சரிதான், ஆனால் ஏற்கெனவே வெட்டிய சேஸிஸில் வேறு வழி ஏது? அதனால்தான் உள்பக்கம் ஒரு பிளேட் கொடுத்து, அதன் முனைகளை நேராக விடாமல் சாய்வாக வெட்டினார். பாரம் ஒரே கோட்டில் போய் விழாது.

நீங்கள் முதலில் சாயச் சோதனை செய்யுங்கள். சிவப்புச் சாயத்தை ஊறவிட்டுத் துடைத்து, வெள்ளை டெவலப்பர் அடித்தால் விரிசல் சிவப்பாக எழும். பட்டறைக்காரரிடம் பேசப் போகுமுன் அதைப் படம் எடுத்து வையுங்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் வெல்டிங். வெப்பப் பதம் செய்த, அதாவது சூடாக்கிக் குளிர்வித்து உறுதியேற்றிய, சேஸிஸ் உள்ள புதிய கனரக வண்டிகளுக்கு நான் சொன்ன எதுவும் பொருந்தாது. அவற்றைச் சூடாக்கினாலே பலம் போய்விடும்.

நட்சத்திரம் உள்ளது என்றேன், இருந்தது என்று சொல்லியிருக்க வேண்டும். சித்தப்பா மகன் ஒரு பொங்கலுக்கு வந்தபோது கழற்றிக்கொண்டு போய்த் தன் வீட்டு ஷோகேஸில் வைத்துவிட்டான். கேட்டால், "நீ வண்டியையே வெட்டிவிட்டாய், நான் இதைத்தானே எடுத்தேன்" என்கிறான்.