காணிச் சண்டைக்கு எந்தக் கோட்டுக்குப் போவது?

கேள்வி: டிக்கோயாவில், தோட்டத்துக்கு வெளியே, அப்பா உறுதி எழுதி வாங்கிய 12 பேர்ச் காணி இருக்கிறது. கோவாவும் லீக்ஸும் போட்டிருந்தோம். ஐந்து வாரத்துக்கு முன் பக்கத்துக் காணிக்காரர் ஆட்களோடு வந்து, பயிரைப் பிடுங்கிவிட்டு எங்கள் பக்கம் தள்ளி முள்வேலி போட்டுவிட்டார். தடுக்கப் போன தம்பியைக் கவ்வாத்துக் கத்திப் பிடியால் அடித்ததில் மணிக்கட்டு எலும்பு உடைந்துவிட்டது. பொலிஸில் "இது சிவில் பிரச்சினை, கோட்டுக்குப் போங்கள்" என்கிறார்கள். அவர் குடியிருப்பது வத்தளையில். நாங்கள் அங்கேயா போக வேண்டும்?

பதில்: வத்தளைக்குப் போக வேண்டாம். காணி இருக்கும் இடத்து நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. உங்களுக்கு அது ஹட்டன்.

பொலிஸ் சொன்னது பாதிதான் சரி. எலும்பு முறிந்தால் அது கடுங்காயம், குற்றவியல் விடயம். நீதவான் நீதிமன்றத்தில் பொலிஸார்தான் வழக்குத் தாக்கல் செய்ய வேண்டும். கொலை முயற்சி என்றால் மேல் நீதிமன்றம் வரை போகும். தம்பியின் வைத்திய அறிக்கையைப் பத்திரமாக வையுங்கள்.

வேலி விடயத்தில்தான் அவசரம். 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு, காணித் தகராறால் சமாதானம் குலையும் என்றால் பொலிஸார் நீதிமன்றத்துக்கு, உங்கள் விடயத்தில் ஹட்டன் நீதவானுக்கு, அறிக்கை கொடுக்க வேண்டும் என்கிறது. அவர்கள் அசையாவிட்டால் நீங்களே சத்தியக்கடதாசியோடு (சத்தியம் செய்து கையெழுத்திட்ட வாக்குமூலம்) போகலாம். அங்கே உறுதி யாருடையது என்று பார்ப்பதில்லை. காணி யார் கையில் இருந்தது என்பதுதான் கேள்வி. தாக்கல் செய்யும் நாளுக்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் உங்களைப் பலவந்தமாக வெளியேற்றியிருந்தால், திரும்ப உங்களிடமே ஒப்படைக்க உத்தரவு வரும். இரண்டு மாதம் தாண்டிவிட்டால், தாக்கல் செய்த நாளில் கையில் வைத்திருப்பவர் பக்கம், அதாவது வேலி போட்டவர் பக்கம் சாயும். உங்களுக்கு மிஞ்சியிருப்பது மூன்று வாரம்தான். மரக்கறி விற்ற துண்டு, பழைய போட்டோ, கிராம சேவகரின் கடிதம் எல்லாம் தேடி எடுங்கள்.

ஒன்று கேட்கிறேன், பொலிஸில் கொடுத்த வாக்குமூலத்தை வாசித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டீர்களா? நம் ஆட்கள் பலர் சிங்களத்தில் எழுதியதற்கு அப்படியே கையெழுத்து வைத்துவிட்டு, அப்புறம் திகதி பிழை என்று என்னிடம் வருகிறார்கள். இங்கே திகதிதான் உயிர். கோட்டில் உங்கள் பத்திரங்களைத் தமிழிலேயே கொடுக்க அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை இடம் தருகிறது.

நீதவானின் உத்தரவு தற்காலிகம்தான். காணி யாருக்குச் சொந்தம் என்பதை ஹட்டன் மாவட்ட நீதிமன்றமே தீர்மானிக்கும். உறுதி அங்கேதான் பேசும். இரண்டு மாதம் தவறிப்போனாலும், வெளியேற்றப்பட்ட ஒரு வருடத்துக்குள் காணியைத் திரும்ப உங்கள் கைக்கு எடுக்க அங்கே வழக்குப் போடலாம். அதற்கு நாள் எடுக்கும், செலவும் கூட.

அதுவரை வேலியில் கை வைக்காதீர்கள். நீங்கள் பிடுங்கினால் அடுத்த முறைப்பாடு உங்கள் பெயரில் வரும்.