பி.காம். முடித்தாயிற்று; சம்பளம் இல்லாமல் எத்தனை மாதம் தாங்கும்?

கேள்வி: மதுரையில் நிதியியலைச் சிறப்புப் பாடமாக எடுத்து பி.காம். முடித்திருக்கிறேன். 64 சதவீதம். வயது 21. அப்பா மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறார். தம்பி பதினொன்றாம் வகுப்பு. சி.ஏ. படி என்கிறார் பேராசிரியர். பேங்க் பரீட்சை எழுது என்கிறார் சித்தப்பா. 'இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங்' பயிற்சிக்கு ஒரு நிறுவனம் 85,000 ரூபாய் கேட்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவின் பேரேட்டைச் சரிபார்த்துக் கொடுப்பதைத் தவிர எனக்கு அனுபவம் எதுவும் இல்லை. எந்த வழியில் போவது?
— வாசகி, திருமங்கலம்

பதில்: உங்கள் கடிதத்தில் பேராசிரியர், சித்தப்பா, பயிற்சி நிறுவனம் என்று எல்லோருடைய யோசனையும் இருக்கிறது. வீட்டு வரவு செலவு மட்டும் இல்லை. உங்கள் சம்பளம் வராமல் வீடு எத்தனை மாதம் தாங்கும்? இன்று இரவு அப்பாவுடன் உட்கார்ந்து இதைக் கணக்குப் போடுங்கள். அந்த எண் தெரிந்தால் பாதி வழிகள் தாமாகவே அடைபட்டுவிடும்.

முதலில் அந்த 85,000 ரூபாய். கட்டாதீர்கள். 'வேலைக்கு உதவி' என்று விளம்பரத்தில் போடுவதற்கும், வேலை தருவதற்கும் இடையே பெரிய பள்ளம் இருக்கிறது. உண்மையான இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங், அதாவது நிறுவனங்களுக்குப் பெரும் முதல் திரட்டித் தரும் வேலைக்குப் பெரிய மேலாண்மைக் கல்லூரிகளிலும் சி.ஏ. முடித்தவர்களிடமும்தான் ஆள் தேடுவார்கள். இத்தகைய பயிற்சி முடித்தவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது சென்னை, பெங்களூரு அலுவலகங்களில் பில் சரிபார்ப்பு, கணக்கு ஒப்பிடுதல் போன்ற பின்னணி வேலை. வேலை மோசமில்லை, ஆனால் அதற்கு உங்கள் பட்டமும் எக்செலும் போதும். எம்.பி.ஏ.வையும் இப்போதைக்கு மறந்துவிடுங்கள். இரண்டு, மூன்று ஆண்டு வேலை பார்த்த பிறகு படித்தால் அதற்கு மதிப்பு வேறு.

சி.ஏ.வுக்கு வருகிறேன். வணிகவியல் பட்டத்தில் 55 சதவீதம் எடுத்திருந்தால் ஃபவுண்டேஷன் என்ற நுழைவுத் தேர்வு எழுதாமல் நேராக அடுத்த கட்டமான இன்டர்மீடியட்டில் சேரலாம். நீங்கள் அந்தக் கோட்டைத் தாண்டியிருக்கிறீர்கள். எட்டு மாதப் படிப்பு, இரண்டு குரூப்பில் ஆறு தாள், அதில் தேறிய பிறகு ஆடிட்டரிடம் இரண்டு ஆண்டு ஆர்ட்டிகிள்ஷிப் எனும் தொழில் பயிற்சி, அதன்பின் ஆறு மாதம் கழித்து இறுதித் தேர்வு. எல்லாத் தாளையும் முதல் தடவையிலேயே தேறினால்கூட மூன்றரை ஆண்டு ஓடிவிடும். அப்படித் தேறுபவர்கள் சிலர்தான். ஒவ்வொரு தாளிலும் 40 வாங்கினாலும் குரூப்பின் மொத்தத்தில் 50 சதவீதம் வராமல் மறுபடி எழுதும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆர்ட்டிகிள்ஷிப் காலத்தில் கிடைக்கும் உதவித்தொகை பஸ் செலவுக்கும் டிபனுக்கும் சரியாக இருக்கும். ஆகவே வீடு நான்கு, ஐந்து ஆண்டு பொறுக்கும் என்றால் மட்டும் இப்போதே பதிவு செய்யுங்கள். சி.ஏ.வுக்கு வயது வரம்பு இல்லை என்பதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பேங்க் பரீட்சைக்கு வயது வரம்பு உண்டு. அரசு வங்கிகளுக்கு ஆள் எடுக்கும் ஐ.பி.பி.எஸ். அமைப்பின் கிளார்க் தேர்வுக்கு 20 முதல் 28; அதிகாரி தேர்வுக்கு 30 வரை. ஓ.பி.சி. பிரிவினருக்கு மூன்று ஆண்டு தளர்வு கிடைக்கும். தாலுகா அலுவலகத்தில் வாங்கிய பி.சி. சான்றிதழ் இதற்குச் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். கடைசி நாளில் இதற்காக அலைபவர்களில் நீங்களும் ஒருவராக வேண்டாம். கிளார்க் முதல்நிலைத் தேர்வு ஒரு மணி நேரத்தில் 100 கேள்விகள்: ஆங்கிலம் 30, கணக்கு 35, தர்க்கம் 35. நேர்முகத் தேர்வு கிடையாது. முதன்மைத் தேர்வின் மதிப்பெண்தான் தீர்மானிக்கும். உங்கள் 64 சதவீதம் அங்கே எடுபடாது, வேகம்தான் எடுபடும். அதிகாரி ஆனால் இந்தியாவில் எங்கு வேண்டுமானாலும் மாற்றுவார்கள். அம்மா அப்பாவைப் பிரிய மனமில்லாவிட்டால் கிளார்க் தேர்வே போதும்.

தனியார் வங்கிகளின் 'ரிலேஷன்ஷிப் ஆபீசர்' விளம்பரங்களும் உங்கள் கண்ணில் படும். பெயர் கம்பீரமாக இருக்கிறது. வேலை என்னவோ மாத டார்கெட்டுக்குக் கணக்கும் காப்பீடும் விற்பது. முன்பின் தெரியாதவரிடம் பேசி விற்பதில் கூச்சமில்லாதவர்களுக்கு நல்ல வருமானம் உண்டு. கூச்சப்படுபவர்கள் ஆறு மாதத்தில் வெளியே வந்துவிடுவார்கள்.

நான் உங்களுக்குச் சொல்லும் முதல் வேலை வேறு. மதுரையில் ஒரு நடுத்தர ஆடிட்டர் அலுவலகத்தில் உதவியாளராகச் சேருங்கள். ஆரம்பச் சம்பளத்தைச் சொந்தக்காரர்களிடம் சொல்லக் கொஞ்சம் தயக்கமாக இருக்கும். ஆனால் பத்துக் கடைகளின் கணக்கு உங்கள் மேசைக்கு வரும்.

அங்கே என்ன கற்பீர்கள் என்று ஓர் உதாரணம். சிம்மக்கல் பக்கம் ஒரு ஹார்டுவேர் கடை, ஒரு லட்சம் ரூபாய்க்கு பைப் வாங்குகிறது. 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்த்து பில் 1,18,000. அந்த 18,000 ரூபாயைத் தான் கட்ட வேண்டிய வரியில் கடைக்காரர் கழித்துக்கொள்ளலாம். ஆனால் பைப் விற்றவர் தன் விற்பனைக் கணக்கான ஜி.எஸ்.டி.ஆர். 1 படிவத்தை அடுத்த மாதம் 11ஆம் தேதிக்குள் தாக்கல் செய்தால்தான், 14ஆம் தேதி ஜி.எஸ்.டி. தளத்தில் கடைக்காரருக்காக உருவாகும் 2பி என்ற கொள்முதல் பட்டியலில் இந்த பில் தெரியும். தெரியாவிட்டால் 20ஆம் தேதி வரி கட்டும்போது 18,000 ரூபாய் கடைக்காரர் கையை விட்டுப் போகும். திரும்பக் கழிக்க அடுத்த மாதம் வரை காத்திருக்க வேண்டும். 9ஆம் தேதியே கொள்முதல் பில்களைப் பரப்பி வைத்து, தாமதம் செய்யும் வழக்கமுள்ள சப்ளையருக்கு, "அண்ணாச்சி, நம்ம பில்லை ஏத்திட்டீங்களா?" என்று போன் செய்யும் உதவியாளரைக் கடைக்காரர்கள் பெயர் சொல்லிக் கேட்பார்கள். கல்லூரியில் இதை ஒரு பக்கத்தில் படித்திருப்பீர்கள். அந்த போனை எப்போது போடுவது என்பதற்குப் பாடப்புத்தகம் கிடையாது.

ஓர் ஆண்டு இப்படி இருந்தால் டேலி என்ற கணக்கு மென்பொருள், எக்செல், வரி ரிட்டர்ன், வங்கிக் கணக்கு ஒப்பீடு எல்லாம் கைக்கு வந்துவிடும். கப்பலூர் தொழிற்பேட்டையிலோ, ஏதாவது ஒரு மொத்த வியாபாரியிடமோ அக்கவுண்டன்ட் வேலைக்குத் தைரியமாகக் கேட்கலாம். பி.காம். பட்டதாரிகள் ஜி.எஸ்.டி. பிராக்டிஷனர், அதாவது வியாபாரிகளுக்காக ஜி.எஸ்.டி. கணக்கைத் தாக்கல் செய்து கொடுப்பவர், ஆகவும் வழி உண்டு. பின்னாளில் திருமங்கலத்திலேயே சின்னதாக ஓர் அலுவலகம் போட அது உதவும். கணக்கு வேலை உங்களுக்குப் பிடிக்கிறதா, தலைவலியாக இருக்கிறதா என்பதும் அதற்குள் தெரிந்துவிடும். பிடித்திருந்தால் அப்போது சி.ஏ.வுக்குப் பதியுங்கள்.

காலை ஐந்தரை முதல் ஏழரை வரை பேங்க் பரீட்சைக்குப் படியுங்கள். மார்க்கெட்டுக்குப் போகும் அப்பா அதற்கு முன்பே எழுந்திருப்பார், எழுப்பிவிடச் சொல்லுங்கள். சேரும்போது ஆடிட்டரிடம் மாதத்தின் 20ஆம் தேதி வரை லீவு கேட்க மாட்டேன், பரீட்சை நாளில் மட்டும் கொடுங்கள் என்று சொல்லிவிடுங்கள். பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

பயோடேட்டாவில் 'கடின உழைப்பாளி', 'குழுவாகப் பணியாற்றுவேன்' என்றெல்லாம் எழுத வேண்டாம். அனுபவம் எதுவும் இல்லை என்று எழுதியிருந்தீர்களே, அந்தப் பேரேடு விஷயத்தை முதல் வரியில் போடுங்கள். எத்தனை விவசாயிகளின் வரவு, எத்தனை பூக்கடைக்காரர்களின் பாக்கி, கமிஷன் எப்படிக் கழிக்கப்படுகிறது, எத்தனை ஆண்டாகச் சரிபார்க்கிறீர்கள் என்பதை எண்களோடு எழுதுங்கள். முடிந்தால் ஒரு மாதப் பேரேட்டை, பெயர்களை மாற்றிவிட்டு, எக்செலில் ஏற்றி அச்செடுத்துக் கையோடு கொண்டுபோங்கள். ஆடிட்டர் அந்தத் தாளைத்தான் முதலில் கையில் எடுப்பார்.