நுகர்வோர் கேள்வி-பதில்: விளம்பரம் சொல்லும் குதிரைத்திறனும் டைனோ காட்டும் குதிரைத்திறனும்

கேள்வி: 2015 ஃபோர்டு மஸ்டாங் ஜி.டி. வைத்திருக்கிறேன். விளம்பரத்தில் 435 குதிரைத்திறன். பணம் கட்டி டைனோவில் (சக்கரங்களை உருளைமேல் சுழலவிட்டுத் திறனை அளக்கும் இயந்திரம்) ஏற்றினால் 372தான் வருகிறது. மீதி 63 எங்கே போனது? வழக்குப் போடலாமா? (நியூ ஜெர்சி)

பதில்: வேண்டாம், நிற்காது. நிறுவனம் சொல்வது என்ஜினைத் தனியாக வைத்து, அதன் சுழற்சி வெளியே வரும் கிராங்க் தண்டில் அளந்த திறன். நீங்கள் அளந்தது பின்சக்கரத்தில். நடுவில் உள்ள கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், டயர் எல்லாம் தத்தம் பங்கை எடுத்துக்கொள்ளும். பின்சக்கர வண்டிக்கு இந்த இழப்பை ஏறத்தாழ 15 சதவீதம் என்று பட்டறைகளில் வைப்பார்கள். 435இல் அதைக் கழித்தால் 370. உங்கள் வண்டி நன்றாகவே இருக்கிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அந்த 435, 93 ஆக்டேன் பெட்ரோலில் எடுத்த கணக்கு. அதைவிட மலிவான பெட்ரோலை ஊற்றினால், நாக்கிங் (எரிபொருள் நேரம் தவறி வெடிப்பது) வராமல் இருக்க என்ஜின் கணினி இக்னிஷனைத் தாமதப்படுத்தும். திறனும் குறையும்.

கேள்வி: டர்போ (காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத என் ஸ்போர்ட்ஸ் காரின் டைனோ தாளில், அன்றைய வெப்பம், காற்றழுத்தத்துக்கேற்பத் திருத்தம் செய்யாத அளவு எதிர்பார்த்ததைவிட 15 சதவீதம் குறைவு. என்ஜினைப் பிரித்துப் பார்க்கச் சொல்கிறார் மெக்கானிக். (டென்வர்)

பதில்: மெக்கானிக்கை மாற்றுங்கள், நீங்கள் கடல்மட்டத்திலிருந்து 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறீர்கள், அங்கே காற்றே அவ்வளவுதான்.

கேள்வி: ஒரு ஜெர்மன் டர்போ காருக்கு 45,000 ரூபாய் கொடுத்து ரீமேப் (என்ஜின் கணினியின் நிரலை மாற்றுவது) செய்தேன். 60 பி.எஸ். (மெட்ரிக் குதிரைத்திறன்) கூடும் என்றார்கள். முன்பு அளக்கவில்லை. பிறகு கொடுத்த தாளில் 5,500 சுழற்சியில் 350 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, 310 பி.எஸ். என்று இருக்கிறது. ஓட்டும்போது பெரிய மாற்றம் தெரியவில்லை. (கோயம்புத்தூர்)

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். அதற்குச் சாட்சி அவர்களே கொடுத்த தாள். திறன் என்பது முறுக்குவிசையையும் சுழற்சியையும் பெருக்கி வருவது. தனியாக வானத்திலிருந்து விழுவதில்லை. நியூட்டன் மீட்டரை நிமிடச் சுழற்சியால் பெருக்கி 7,024ஆல் வகுத்தால் பி.எஸ். வந்துவிடும். 350ஐ 5,500ஆல் பெருக்கி வகுத்துப் பாருங்கள்: 274. தாளில் 310. நடுவில் உள்ள 36 எங்கிருந்து வந்தது? 274க்கு மேல் 13 சதவீதம் கூட்டினால் 310 வருகிறது. சக்கரத்தில் அளந்ததை கிராங்க் அளவாகக் காட்ட, இழப்புக்கென்று யாரோ 13 சதவீதத்தைத் தட்டச்சு செய்திருக்க வேண்டும். அதைத் திறனில் ஏற்றியவர்கள் முறுக்குவிசையில் ஏற்ற மறந்துவிட்டார்கள். இரண்டு எண்ணும் ஒரே தாளில் ஒரே ஓட்டத்தைச் சொல்ல முடியாது.

டைனோ தாளைப் பற்றி எனக்கு நெடுநாள் கோபம் உண்டு. அச்சடித்த வளைகோட்டைப் பார்த்தவுடன் மக்கள் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிறார்கள். எந்த இயந்திரம், எந்த கியர், அன்றைய வெப்பம் என்ன, எந்தத் திருத்தக் காரணி என்று மூலையில் சின்ன எழுத்தில் இருக்கும். யாரும் படிப்பதில்லை. எஸ்.ஏ.இ. (வாகனப் பொறியாளர் சங்கம்) திருத்தம் 25 டிகிரி வெப்பத்தையும் 99 கிலோபாஸ்கல் அழுத்தத்தையும் அடிப்படையாகக் கொள்கிறது. எஸ்.டி.டி. என்னும் பழைய திருத்தமோ இன்னும் குளிர்ந்த, அடர்த்தியான காற்றை. அதனால் ஒரே வண்டி, ஒரே ஓட்டம், எஸ்.டி.டி.யில் சுமார் 4 சதவீதம் கூடக் காட்டும். 300 குதிரைத்திறன் வண்டியில் அது 12.

அந்த 12ஐ நானே காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன். காற்று உறிஞ்சும் குழாயும் வடிகட்டியும் சேர்ந்த தொகுப்பு ஒன்று. பெட்டியிலேயே முன்-பின் வளைகோடுகள் இருந்தன. மாட்டிய பிறகு அதே டைனோவில், அதே மதியத்தில், கழற்றியும் மாட்டியும் ஓட்டினோம். இரண்டு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று படுத்துக்கொண்டன. வீட்டுக்கு வந்து பெட்டியை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால், 'முன்' கோட்டின் கீழே எஸ்.ஏ.இ., 'பின்' கோட்டின் கீழே எஸ்.டி.டி. பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதினேன், பதிலே இல்லை. விற்றவர் தெரிந்தே செய்த மோசடி அது.

நீங்கள் முன்பே அளந்திருக்க வேண்டும். அளக்கவில்லை என்பதால் அவர்கள் செய்தது சரியாகிவிடாது. ரசீது, வாக்குறுதி இருக்கும் வாட்ஸ்அப் செய்திகள், அந்தத் தாள் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். முதலில் எழுத்தில் பணத்தைக் கேளுங்கள். மறுத்தால் 1915 உதவி எண்ணில் பதியுங்கள். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம், உங்கள் தொகைக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். 274 கணக்கை மனுவிலேயே எழுதிவிடுங்கள்.

கேள்வி: ஒரே கார், ஒரு இதழில் 300, இன்னொன்றில் 296. எது பொய்?

பதில்: எதுவும் இல்லை. பி.எஸ்., எச்.பி. இரண்டும் குதிரைத்திறனின் வேறு வேறு அலகுகள்; 300 பி.எஸ். என்பதும் 296 எச்.பி. என்பதும் ஒன்றுதான்.

கேள்வி: பெரிய நிறுவனங்களே பொய் சொல்லிப் பிடிபட்டதுண்டா?

பதில்: உண்டு, பிடித்ததில் பெரும்பங்கு வாங்கியவர்களுடையது. 1999 மஸ்டாங் கோப்ராவுக்கு ஃபோர்டு 320 குதிரைத்திறன் என்றது. டைனோவில் ஏற்றியவர்களுக்கு அது கிடைக்கவில்லை. அந்த ஆகஸ்டில் ஃபோர்டு விற்பனையை நிறுத்தி, விற்ற வண்டிகளைத் திரும்ப அழைத்து, இன்டேக் மேனிஃபோல்டையும் எக்ஸாஸ்டையும் மாற்றி, கணினியையும் திருத்தியது. மாஸ்டா 2001 மியாட்டாவுக்கு 155 என்று சொல்லிவிட்டு 142 என்று இறங்கியது; வேண்டாதவர்களிடமிருந்து வண்டியைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகவும் அறிவித்தது. பாடம் கற்காமல் 2003இல் ஆர்.எக்ஸ்-8க்கு 247 என்று சொல்லி 238க்கு வந்தது. அப்போதும் திரும்ப வாங்க முன்வந்தது. முறையாக அளந்து, ஒன்றுசேர்ந்து கேட்டால் கிடைக்கும்.

எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. ஜப்பானிய நிறுவனங்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டு, 2004 வரை ஜப்பானில் விற்ற எந்தக் காருக்கும் 280 பி.எஸ்.ஸுக்கு மேல் சொல்லவில்லை; ஸ்கைலைன் ஜி.டி.-ஆர். போன்றவை உண்மையில் அதைத் தாண்டியவை. 2020 சுப்ராவுக்கு டொயோட்டா சொன்னது 335. கார் அண்ட் டிரைவர் இதழ் சக்கரத்திலேயே 339 அளந்தது. குறைத்துச் சொன்னவர்கள்மேல் எனக்குப் புகார் இல்லை.

கேள்வி: 500 குதிரைத்திறன் என்று சொல்லும் பழைய ஸ்போர்ட்ஸ் கார். விற்பவர் டைனோ தாளைப் படமெடுத்து அனுப்பினார். அதை நம்பி முன்பணம் அனுப்பினேன். இப்போது தொலைபேசியை எடுப்பதில்லை. (துபாய்)

பதில்: அந்தத் தாளில் வண்டி எண் இருந்ததா? சேஸிஸ் எண்? தேதி? நீங்கள் எழுதாததைப் பார்த்தால் பார்க்கவே இல்லை என்று தெரிகிறது. யாருடைய வண்டியின் தாள் என்றே தெரியாத ஒரு படத்துக்கு எப்படிப் பணம் அனுப்பினீர்கள்? காரைப் பார்க்காமல், உங்கள் கண்முன் டைனோவில் ஓட்டாமல் ஒரு திர்ஹம்கூடக் கொடுத்திருக்கக் கூடாது. இன்றே வங்கிக்கு எழுத்தில் தெரிவித்துப் பணத்தை நிறுத்த முடியுமா என்று கேளுங்கள். அந்தப் படத்தையும் உரையாடலையும் அழிக்காமல் காவல்துறையிடம் கொடுங்கள். இனி அவர் பேசினாலும், 'மீதியை அனுப்பினால் வண்டி வரும்' என்றாலும், அனுப்பாதீர்கள்.