இன்வெர்ட்டர் இருந்தால் யூபிஎஸ் வேண்டாமா?

கேள்வி: தக்கலையில் கணினி மையம் நடத்துகிறேன். இன்வெர்ட்டர் இருந்தும் மின்சாரம் போகும்போது கணினிகள் அணைந்துவிடுகின்றன. தனியாக யூபிஎஸ் தேவையா?

பதில்: ஆம், தேவை. விளக்குக்கும் மின்விசிறிக்கும் ஏற்ற சாதாரண இன்வெர்ட்டர், பேட்டரிக்கு மாற எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கணினி தாங்காது. யூபிஎஸ்ஸோ ஏறத்தாழ 10 மில்லி நொடிக்குள் மாறிவிடும். உங்கள் இன்வெர்ட்டரில் 'யூபிஎஸ் மோடு' பொத்தான் இருந்தால் முதலில் அதைப் போட்டுப் பாருங்கள். மின்னழுத்தம் அடிக்கடி ஏறி இறங்கும் இடமானால், அதைத் தானே சீர்செய்யும் 'லைன் இன்டராக்டிவ்' வகையே நல்லது.

வாங்கும்போது யூபிஎஸ் மேல் குறித்திருக்கும் விஏ (வோல்ட்-ஆம்பியர்) எண்ணை வாட் என்று எண்ணிவிடக் கூடாது. 600 விஏ என்று குறித்த சிறிய யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் சுமையையே தாங்கும். லேசர் பிரிண்டரை அதில் இணைக்கவே வேண்டாம், ஏனெனில் மையைச் சூடாக்கித் தாளில் பதிக்கும் பகுதி திடீரென மிகுந்த மின்சாரத்தை இழுக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இடி மின்னலோடு மழை பெய்யும் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இன்னொன்றையும் வலியுறுத்த விரும்புகிறேன்: யூபிஎஸ் எதுவும் நேரடி மின்னலுக்கு முழுக் காப்பு ஆகாது. நில இணைப்பை (எர்த்திங்) எலக்ட்ரீஷியனிடம் காட்டிச் சரிபாருங்கள். இடி தொடங்குமுன்பே பிளக்குகளையும் இணையக் கம்பியையும் கழற்றிவிடுங்கள்.